‘பஞ்சசார இல்லை’ என்ற பாயசமும் 268 என்ற எண்ணும்

நீங்கள் கேட்டிருப்பது இது. அம்மாவுக்கு வயது 64. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையிலும் இரவிலும் 30/70 கலவை இன்சுலின், அதோடு மெட்ஃபார்மின். ஓணத்துக்கு முந்தைய வாரம் பாறசாலைப் பக்கம் ஒரு கடையில் ‘சுகர் ஃப்ரீ’ பாலடைப் பாயசப் பாக்கெட் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை வீட்டில் பால் ஊற்றிக் காய்ச்சி, மாலை நான்கு மணிக்கு அம்மாவுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தீர்கள். குடிக்கும் முன் ரத்தச் சர்க்கரை 142 இருந்தது, இரண்டு மணி நேரம் கழித்து 268 ஆனது. பாக்கெட்டின் பின்புறம் சர்க்கரை 0.3 கிராம் என்றுதான் போட்டிருக்கிறது. மீட்டர் பொய் சொல்கிறதா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, இரண்டாவது பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சர்க்கரையே இல்லாத இனிப்பில் சர்க்கரையை ஏற்றுவது எது, அதை நம் அடுக்களையில் வைத்தே எப்படி எண்ணிப் பார்ப்பது என்பதுதான் அது. அதற்குப் பதில் சொன்னால் மற்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் மருத்துவர் இல்லை. உணவியல் படித்துவிட்டு, மார்த்தாண்டத்தையும் களியக்காவிளையையும் சுற்றியே இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக் கணக்கு சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆகவே உணவைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். இன்சுலின் அளவை மாற்றுவது பற்றி ஒரு யூனிட்கூடச் சொல்ல மாட்டேன். அதை அம்மாவின் மருத்துவரிடமே கேளுங்கள்.

முதலில் மீட்டரை விடுவித்துவிடலாம். வீட்டு குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தர விதி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதம் வரை விலகலை ஏற்றுக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் 268 உண்மையில் 233 ஆகவும் இருக்கலாம், 315 ஆகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் உணவுக்குப் பின் 180-ஐத் தாண்டக் கூடாது என்ற வழக்கமான இலக்கை அது தாண்டிவிட்டது. ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். விரலில் குத்தும் முன் அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாரா? பழம் உரித்த விரலிலும் வெல்லப்பாகு பட்ட விரலிலும் எடுத்த ரத்தம், உடம்பில் இல்லாத சர்க்கரையையும் காட்டும். பாயசத்தைப் பழத்தோடு பிசைந்து கையால் வழித்துச் சாப்பிடும் நம் ஊரில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். கை சுத்தமாக இருந்தது என்றால் மீட்டரைக் குறை சொல்ல வழியில்லை.

கடைக்காரரும் ஏமாற்றவில்லை, குறைந்தபட்சம் சட்டப்படி. ‘சர்க்கரை இல்லாதது’ என்று ஒரு பொருளில் எழுத வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரைகள் 0.5 கிராமுக்கு மிகக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. இங்கே ‘சர்க்கரைகள்’ என்பது சீனி, குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், பாலில் உள்ள லாக்டோஸ் போன்ற சிறிய மூலக்கூறுகளை மட்டும்தான் குறிக்கும். அரிசியின் மாவுச்சத்து, மைதாவின் மாவுச்சத்து, ஜவ்வரிசி, கிழங்கு மாவு எதுவும் அந்த வரியில் வராது. ஆனால் மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. வாயிலும் குடலிலும் உள்ள என்சைம்கள் அந்த மாலையை அறுக்க அதிக நேரம் எடுப்பதில்லை. லேபிளைப் பொறுத்தவரை அது சர்க்கரை இல்லை. அம்மாவின் ரத்தத்தைப் பொறுத்தவரை சர்க்கரைதான். எனவே லேபிளில் நீங்கள் பார்க்க வேண்டியது ‘மொத்தச் சர்க்கரைகள்’ என்ற வரியை அன்று, அதற்கு மேலே உள்ள ‘கார்போஹைட்ரேட்’ என்ற வரியை.

உங்கள் பாக்கெட்டின் எண்களை வைத்தே எண்ணிப் பார்ப்போம். நீங்கள் எழுதியபடி 100 கிராம் கலவையில் கார்போஹைட்ரேட் 82 கிராம், பாக்கெட் 200 கிராம். ஆக 164 கிராம். இதில் ஒன்றரை லிட்டர் பால் ஊற்றியிருக்கிறீர்கள். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் உண்டு. எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் தண்ணீர்தான் ஆவியாகும், லாக்டோஸ் பாத்திரத்திலேயே இருக்கும். அது 75 கிராம். நெய்யில் வறுத்துப் போட்ட முந்திரியும் கிஸ்மிஸும் தலா 20 கிராம் என்றால் கிஸ்மிஸ் 15, முந்திரி 5. எல்லாம் கூட்டினால் 259. பாயசம் இறக்கும்போது ஒன்றரைக் கிலோ இருந்தது என்று வைத்துக்கொண்டால் 100 கிராமுக்கு 17 கிராம் சொச்சம். 200 கிராம் பிடிக்கும் டம்ளரில் 35. இரண்டு டம்ளரில் 70 கிராம் கார்போஹைட்ரேட். வெந்த சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் உண்டு. அதாவது மாலை நான்கு மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கு மேல், அம்மா இன்னொரு கால் கிலோ சோறு சாப்பிட்டிருக்கிறார். அதை யாரும் சோறு என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் நேரமும் சேர்ந்துகொண்டது. 30/70 கலவையில் விரைவாக வேலை செய்யும் பகுதி, போட்ட வேளையின் சாப்பாட்டுக்கானது. மெதுவாக வேலை செய்யும் பகுதி மதியச் சாப்பாட்டைத் தாங்கிவிட்டு மாலைக்குள் தளரத் தொடங்கும். நான்கு மணி என்பது காலை ஊசி தளர்ந்து, இரவு ஊசி இன்னும் வராத இடைவெளி. அதே பாயசத்தில் அரை டம்ளரை மதியச் சாப்பாட்டோடு, சோற்றைக் குறைத்துக்கொண்டு குடித்திருந்தால் இந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். ஒருவர் உடம்பு போல இன்னொருவர் உடம்பு இருப்பதில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே பாயசத்தில் வழக்கம்போல 200 கிராம் சீனியும் கொட்டியிருந்தால் டம்ளருக்கு ஏறக்குறைய 20 கிராம் கூடியிருக்கும். ஆகவே அந்தப் பாக்கெட் பயனற்றது இல்லை. ‘சுகர் ஃப்ரீ’தானே என்று இரண்டாவது டம்ளர் ஊற்றினீர்களே, அங்கேதான் லாபம் முழுவதும் போய்விட்டது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். சீனி போட்ட பாயசம் என்றால் இரண்டு கரண்டியோடு குற்ற உணர்ச்சியில் நிறுத்திக்கொள்பவர்கள், இதை வயிறு நிறையக் குடிக்கிறார்கள்.

நம் தமிழக-கேரள எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. சென்னைக்காரருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். இங்கே நாம் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்கிறோம். நம் பாட்டிகளுக்கும், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் ‘சர்க்கரை’ என்றால் வெல்லம். அவர்களுக்கு வெள்ளைச் சர்க்கரை ‘பஞ்சசார’. இப்போது ஓணம் நெருங்கும்போது சாலையோரக் கடைகளில் ‘பஞ்சசார சேர்த்திட்டில்ல’ என்று ஒரு அட்டை தொங்கும். உள்ளே சக்கவரட்டி, சர்க்கரை வரட்டி, உண்ணியப்பம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. பஞ்சசார சேர்க்கவில்லை, சர்க்கரைதான் சேர்த்தார். வெல்லத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 85 கிராம் கார்போஹைட்ரேட். எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மூன்று ஆண்டுகள் இந்த அட்டையை நம்பி, வாரம் ஒரு பொட்டலம் சர்க்கரை வரட்டி வாங்கிக்கொண்டிருந்தார். மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். அதனால்தான் ஏமாந்தார்.

கருப்பட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் வரும். நம் மாவட்டத்துப் பனையேறிகளின் உழைப்பின் மீதும், கருப்பட்டிக் காப்பியின் மணத்தின் மீதும் எனக்கு யாரையும்விட மதிப்பு அதிகம். ஆனால் சர்க்கரைக் கணக்கில் கருப்பட்டி, வெல்லம், தேன், பேரீச்சை எல்லாம் சீனியின் பங்காளிகள். கொஞ்சம் தாதுச் சத்து கூட இருக்கலாம். ஒரு தேக்கரண்டிக் கருப்பட்டியில் அது கணக்கில் கொள்ளும் அளவுக்கு வராது. ‘சீனி சேர்க்காத’ பேரீச்சை லட்டும், ஆவியில் வேகவைத்த ஏத்தன் (நேந்திரம்) பழமும் இந்த வரிசைதான். நன்றாகப் பழுத்த ஏத்தன் பழத்தின் சதையில் 100 கிராமுக்கு 30 கிராம் வரை உண்டு. ஒரு பெரிய பழம் ஒரு டம்ளர் பாயசத்துக்குச் சளைத்தது இல்லை.

சீனிக்குப் பதிலாக என்ன போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் சிக்கலாகிறது. இரண்டு வகை உண்டு. சுக்ரலோஸ், ஆஸ்பர்டேம், சாக்கரின், ஸ்டீவியா போன்றவை கடுமையான இனிப்பிகள். சுக்ரலோஸ் சீனியைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பானது. ஒரு பாத்திரம் பாயசத்துக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போதும். அந்தச் சிட்டிகை சர்க்கரையை ஏற்றாது. ஆனால் சிட்டிகையை விற்க முடியாது, கரண்டியால் அள்ளவும் முடியாது. அதனால் அதோடு மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்ற பொடியைக் கலந்து பருமன் கூட்டுகிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸேதான். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்தைப் பாதி அறுத்து வைத்தது. ரத்தச் சர்க்கரையை அது சீனியைவிட வேகமாக ஏற்றும், ஆனால் லேபிளில் பெரும்பகுதி ‘சர்க்கரை’ என்ற வரிக்குள் வராது. காப்பியில் போடும் ஒரு சிறு பொட்டலத்தில் இது ஒரு கிராமுக்கு உட்பட்டதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை. சீனிக்குப் பதில் கப்புக்குக் கப்பு அளந்து போடும் பொடியில் கேக் செய்யும்போது அது இருபது கிராமைத் தாண்டிவிடும். உங்கள் பாக்கெட்டில் உட்பொருள் பட்டியலில் அரிசி அடைக்கு (அரிசி மாவில் செய்த சிறு துண்டுகள்) அடுத்தபடியாக மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. இரண்டாவது இடம் என்றால் ஒரு சிட்டிகை இல்லை.

இரண்டாம் வகை, சர்க்கரை ஆல்கஹால் எனப்படும் பாலியால்கள். பெயரில்தான் ஆல்கஹால், போதை கிடையாது. மால்டிடால், சார்பிடால், ஐசோமால்ட், சைலிடால், எரித்ரிடால். சில லேபிள்களில் பெயருக்குப் பதில் எண் இருக்கும்: சார்பிடால் 420, ஐசோமால்ட் 953, மால்டிடால் 965, சைலிடால் 967, எரித்ரிடால் 968. சர்க்கரை நோயாளிகளுக்கான சாக்லெட், முந்திரி கத்லி, பிஸ்கட்டு ஆகியவற்றில் அதிகம் வருவது மால்டிடால். சீனியைப் போலவே பாகு நிற்கும், பளபளக்கும், இனிப்பும் சீனியில் 90 சதவீதம். ஆனால் குடல் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ரத்தச் சர்க்கரையை ஓர் உணவு எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு சீனிக்கு 65 என்றால் மால்டிடாலுக்கு 35, பாகு வடிவில் இருந்தால் இன்னும் அதிகம். எனவே உலகம் முழுவதும் உணவியலாளர்கள் கையாளும் வழி, பாலியாலின் கிராமில் பாதியைக் கார்போஹைட்ரேட்டாக எண்ணுவது. எரித்ரிடாலுக்கு மட்டும் விலக்கு, அதை முழுக்கக் கழித்துவிடலாம். உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகும். 20 கிராம் தாண்டினாலே பலருக்கு வயிறு இரையும். எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பாலியால் இருந்தால் மலமிளக்கும் தன்மை உண்டு என்று லேபிளில் எச்சரிக்க வேண்டும் என விதியே இருக்கிறது. பெட்டியில் அந்த வாசகத்தைப் பார்த்தால் உள்ளே பாலியால் தாராளமாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பாதி எண்ணுவது என்பது ஒரு வசதிக்கான விதி, இயற்கை விதி இல்லை. ஒரே மால்டிடால் சாக்லெட்டுக்கு இரண்டு பேரின் மீட்டர் இரண்டு விதமாகக் காட்டியதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு ஒரு அம்மா துணிப்பையிலிருந்து ஒரு முந்திரி இனிப்புப் பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்தார். முன்புறம் கொட்டை எழுத்தில் ‘நிகர கார்ப் 5 கிராம்’, அதாவது ரத்தச் சர்க்கரையை ஏற்றாத பகுதியைக் கழித்த பிறகு மிஞ்சும் கார்போஹைட்ரேட். பின்புறம் 100 கிராமுக்கு ஆற்றல் 450 கிலோ கலோரி, புரதம் 12, கொழுப்பு 30. கார்போஹைட்ரேட் வரியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது, கிழித்தால் எழுத்தும் சேர்ந்து வந்தது. பரவாயில்லை, கணக்கு இருக்கிறது. புரதம் கிராமுக்கு 4 கலோரி, ஆக 48. கொழுப்பு கிராமுக்கு 9, ஆக 270. இரண்டும் சேர்ந்து 318. மீதி 132 கலோரி வேறு எங்கிருந்தும் வர முடியாது, கார்போஹைட்ரேட்டிலிருந்துதான் வர வேண்டும். அது முழுக்க மாவுச்சத்தாக இருந்தால் கிராமுக்கு 4 வீதம் 33 கிராம். பாலியாலும் கலந்திருந்தால் கிராமுக்கு 2 முதல் இரண்டரைதான் என்பதால் எடை இன்னும் கூடும். கொழுப்பு 30 கிராம் என்றால் முந்திரி ஏறக்குறைய 65 கிராம் இருக்க வேண்டும், அந்த முந்திரியிலேயே 16 கிராம் கார்போஹைட்ரேட் வந்துவிடுகிறது. அப்புறம் எப்படி 5? பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் எறும்பு போல ஒரு வரி: ‘ஒரு துண்டுக்கு, 15 கிராம்’. அப்படியானால் கணக்கு சரி. முந்திரியின் 16-உம் பாலியாலில் பாதியும் சேர்ந்து 100 கிராமுக்கு முப்பது சொச்சம், 15 கிராம் துண்டுக்கு ஐந்து. பெட்டி உண்மையைத்தான் சொல்லியிருந்தது. அந்த அம்மா ஆறு துண்டு சாப்பிட்டிருந்தார்.

இந்தக் கலோரிக் கழித்தலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆற்றலிலிருந்து, புரதத்தை 4 ஆலும் கொழுப்பை 9 ஆலும் பெருக்கிக் கழித்து, மீதியை 4 ஆல் வகுத்தால் வருவது பெரும்பாலும் குறைந்தபட்சக் கார்போஹைட்ரேட். லேபிளில் போட்டிருப்பது அதைவிட மிகக் குறைவாக இருந்தால் எங்கோ எதையோ கழித்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது நார்ச்சத்து என்ற பெயரில் நடக்கும். உண்மையான நார்ச்சத்தைக் கழிப்பதில் தவறில்லை. ஆனால் ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு என்று ஒன்றைச் சேர்த்து நார்ச்சத்துக் கணக்கில் காட்டுவது உண்டு. அதில் கணிசமான பகுதி செரித்துக் குளுக்கோஸாகிவிடுகிறது. அதை நான் கழிப்பதில்லை.

வீட்டில் செய்யும் இனிப்புக்கு லேபிள் கிடையாது என்று தயங்க வேண்டாம், உண்மையில் அதுதான் எளிது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைதான் எனக்குப் பாடப்புத்தகம். அதில் கார்போஹைட்ரேட் எண் நார்ச்சத்தைக் கழித்த பிறகு வருவது. ஆகவே அதிலிருந்து இன்னொரு முறை நார்ச்சத்தைக் கழிக்காதீர்கள், பலர் செய்யும் தவறு அது. பச்சரிசிக்கு அதில் 100 கிராமுக்கு 78. மைதா, ரவை, சேமியா எல்லாம் 70-ஐ ஒட்டி முன்பின்னாக இருக்கும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஜவ்வரிசி இன்னும் அதிகம், அது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து.

செய்முறை இதுதான். பாயசம் காய்ச்சும் பாத்திரமான உருளியை வெறுமையாக எடை போட்டு, அந்த எண்ணைச் சுவரிலோ நாட்காட்டியின் பின்புறத்திலோ எழுதிவையுங்கள். சமைக்கும்போது உள்ளே போவதையெல்லாம் நிறுத்துப் போட்டு, ஒவ்வொன்றின் கார்போஹைட்ரேட்டையும் கூட்டுங்கள். இறக்கிய பிறகு உருளியோடு நிறுத்து, உருளியின் எடையைக் கழியுங்கள். கூட்டுத்தொகையை அந்த எடையால் வகுத்தால் ஒரு கிராம் பாயசத்துக்கான எண் வந்துவிடும். பிறகு அம்மாவின் டம்ளரில் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரே ஒரு முறை பாயசம் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். நம் வீடுகளில் டம்ளர் என்பது 120 மில்லியிலிருந்து 300 மில்லி வரை எதுவாகவும் இருக்கும். நான் பார்த்த கணக்குப் பிழைகளில் பெரும்பாலானவை டம்ளரில்தான் நடந்தன, கணிதத்தில் இல்லை. அடுக்களைத் தராசு இல்லாதவர்கள் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. மூன்று ‘சுகர் ஃப்ரீ’ பெட்டிகளின் விலையில் கிடைக்கும், அவற்றைவிட அதிக நாள் உழைக்கும்.

தேங்காய்ப்பாலில் செய்யும் பிரதமன் வகைகளுக்கு ஒரு குறிப்பு. தேங்காய்ப்பாலில் கார்போஹைட்ரேட் பசும்பாலைவிடக் குறைவு, கொழுப்பு மிக அதிகம். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அதனால் இரண்டு மணி நேரத்தில் 160 காட்டி, ஆகா என்று மகிழ்ந்து படுத்தால், நான்காவது மணி நேரத்தில் 230 இருக்கலாம். பிரதமன் குடித்த நாளில் இரண்டு முறை குத்திப் பாருங்கள்.

உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். செயற்கை இனிப்பிகள் நீண்ட காலத்தில் நல்லவையா என்பது இன்னும் முடியாத வழக்கு. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் எடைக் கட்டுப்பாட்டுக்காக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஆனால் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தப் பரிந்துரைக்குள் வர மாட்டார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தலைப்பை மட்டும் படித்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அதே ஆண்டில், ரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் வந்ததாக ஓர் ஆய்வு வந்தது. அது தொடர்பைக் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. உடம்பே கொஞ்சம் எரித்ரிடாலை உருவாக்கிக்கொள்ளும் என்பது வேறு குழப்பம். இதயநோயும் சேர்ந்து உள்ளவர்களிடம், தினசரிப் பழக்கமாக்க வேண்டாம், விசேஷ நாளோடு நிறுத்துங்கள் என்கிறேன். இது அறிவியலின் தீர்ப்பு இல்லை, என் எச்சரிக்கை உணர்வு.

இனி ஒன்று மிக முக்கியம், நீங்கள் கேட்காவிட்டாலும். அம்மா இன்சுலின் போடுபவர், சர்க்கரை தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு. வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே போனால் அப்போது கையில் கிடைக்கும் ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாயைக் கொடுத்துவிடாதீர்கள். குழித்துறையிலிருந்து வந்த பேருந்தில் ஒரு பெரியவருக்கு இப்படித்தான் ஆனது. பக்கத்து இருக்கைக்காரர் நல்லெண்ணத்தோடு, ‘உங்களுக்கு ஏற்றது’ என்று சர்க்கரையில்லாச் சாக்லெட்டை ஊட்டிக்கொண்டே வந்தார். பெரியவரின் நடுக்கம் நிற்கவேயில்லை. அந்த நேரத்தில் தேவை 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு எப்போதாவது வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எழுதினால் சீனிகூட வேலைக்கு உதவாது. சீனியை உடைக்கும் என்சைமைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

இரண்டாவது பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது செய்யுங்கள். அடைக்கலவை முழுவதையும் போடாமல் பாதி போடுங்கள், பால் ஒரு லிட்டர் போதும், கிஸ்மிஸை விட்டுவிடுங்கள். கலவை பாதியானதால் இனிப்பு குறைந்தால், மால்டோடெக்ஸ்ட்ரின் கலக்காத திரவ சுக்ரலோஸ் அல்லது ஸ்டீவியா இரண்டு மூன்று துளி விடலாம். ஆஸ்பர்டேம் மட்டும் வேண்டாம், கொதிக்கும்போது அதன் இனிப்பு போய்விடும். உருளியை நிறுத்துப் பாருங்கள். கலவையில் 82, பாலில் 50, பத்துப் பன்னிரண்டு முந்திரிக்கு 4 என்று 136 கிராம் வரும், பாயசம் 900 கிராம் தேறினால் 100 கிராமுக்கு 15. மதிய இலையில் அம்மாவின் சோற்றில் ஒரு சிறு கிண்ணம், சுமார் 50 கிராம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 100 கிராம் பாயசம் வையுங்கள். போளியும் பழமும் அன்று வேண்டாம். சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிடத் தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் ஒன்று, நான்கு மணி நேரத்தில் ஒன்று என மூன்று முறை குத்திப் பார்த்து எழுதிவையுங்கள். அந்த மூன்று எண்களையும் சோற்றின் எடையையும் இங்கே எழுதினால் மேற்கொண்டு பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் அதே தாளைக் கொண்டுபோங்கள், 268 என்ற ஒற்றை எண்ணைவிட அது அவருக்கு அதிகம் பயன்படும்.